பதினாலாவது மாடி

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு லிஃப்டும் செத்துவிட்டன. ஒன்று தீபாவளிக்கு முன்பிருந்தே ஓடவில்லை. இன்று மற்றதும். கதவில் மலாயில் 'ரோசாக்', கெட்டுப்போனது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது தெரியாமலா அதன் முன்னால் நிற்கிறோம்?

காலை ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி பதினாலு மாடி ஏறினேன். நடுவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மூச்சு கிடக்கட்டும். நாளைக்கு என் புருஷனுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் உடம்பு தாங்காது. பாத்ரூம் போகவே சுவரைப் பிடிக்கிற மனுஷன். எப்படி இறக்குவேன்?

ஏப்ரல் 9, புதன்

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். பக்கத்து வீட்டு நூருல் ஹுதா தன் தம்பிகளைக் கூட்டி வந்திருந்தாள். நல்ல பிள்ளைகள், ஒரு முனகல் இல்லை. ஆனால் மாடிக்கு மாடி கதவைத் திறந்து பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அதே மாதிரி மேலே. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

டயாலிசிஸுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"பொணத்தத்தான் அப்படித் தூக்குவாங்க. நான் இன்னும் சாகல."

கெஞ்சினேன். திட்டினேன். ஜொகூரில் வேலை பார்க்கும் மகன் ஷர்வினைப் போனில் பேச வைத்தேன். அசையவில்லை. மோகனராஜ் என்று பெயர் வைத்ததற்குப் பாறாங்கல் என்று வைத்திருக்கலாம்.

ஃப்ளாட் கமிட்டித் தலைவர் குகனுக்குப் போன் அடித்தேன். "ஸ்பேர் பார்ட் வரணும்லா அக்கா. இருபதாம் தேதி ஆண்டுக் கூட்டம் இருக்கு, வந்து பேசுங்க" என்றார்.

நானா? இங்கே குடிவந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அங்கே எல்லாம் மலாயில் நடக்கும். பாசாரில் மீன் வாங்குகிற மலாய் எனக்கு வரும், மைக் பிடிக்கிற மலாய் வராது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஏதாவது கேள்வி இருக்கா என்று கேட்டால் தரையைப் பார்க்கிறவள் நான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் அவருக்கு மூச்சுவிட முடியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வந்து தூக்கிப் போனார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். ஏன் ஒரு தடவை விட்டீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். லிஃப்ட் ரோசாக் என்றேன். நோயாளியின் மனைவி ஏதோ உளறுகிறாள் என்பதுபோல் பார்த்தார்.

ஏப்ரல் 14

புத்தாண்டாம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் வீட்டில் கேசரி கொடுத்தார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். எந்த வீட்டுக்கு? மேலே கொண்டுபோக வழியில்லை. அவர் அண்ணன் ராமதாஸ் காடி எடுத்துவந்து பாலிக் புலாவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். அண்ணி வாசலிலேயே, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாரம் மூன்று தடவை அந்த மலைவளைவில் டவுனுக்கு வந்து திரும்ப வேண்டும். போகும்போதே இவர் வாந்தி எடுத்தார்.

நான் கிளம்பியபோது அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

சீ. என்ன பிழைப்பு இது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நூருல் ஹுதா வந்து நின்றாள். சூலியா தெருவில் காசு மாற்றும் கடையில் வேலை செய்கிறவள், நாலு பாஷை பேசுவாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் நவமணிக்கா. சும்மா வந்து உக்காருங்க." அந்தச் சும்மாவை நம்பிப் போனேன்.

கீழே மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. குகன் காடி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசினார், சுவருக்கு என்ன பெயிண்ட் என்று பேசினார். லிஃப்ட் கடைசியில் வந்தது. கூடிய சீக்கிரம் சரியாகும் என்று சொல்லி மைக்கை வைக்கப் போனார். என் கை எப்போது மேலே போனது? சத்தியமாகத் தெரியாது.

மைக் வந்தது. "சுவாமி சாயா..." என்று ஆரம்பித்தேன். மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்றுதான் பெயர். 'என் புருஷன்' - அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுபடி "சுவாமி சாயா". மறுபடியும். பின்னாலிருந்து ஒருத்தன் தமிழில், "அம்மாவுக்குச் சாமி வந்திருச்சுலா" என்றான். சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் தமிழில்தான் கத்தினேன்.

"சிரிங்க! அவர நாற்காலியில தூக்கிட்டுப் போனப்ப கதவத் திறந்து பாத்தீங்களே, அப்பவும் சிரிச்சீங்களா? மானம் போச்சுன்னு மனுசன் மெஷினுக்குப் போவல. மூச்சு நின்னுபோவப் பாத்துச்சு. இப்ப வீட்டுல நான் இருக்கேன், அவரு இல்ல. இதுக்குப் பேருதான் கூடிய சீக்கிரமா?"

நூருல் ஹுதா எழுந்து நின்று வரிக்கு வரி மலாயில் சொன்னாள்.

குகனுக்கு முகம் கறுத்தது. "குறை சொல்றது ஈசிலா அக்கா. சம்பளம் இல்லாம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க வந்து உக்காந்து பாருங்க."

"சரி" என்றேன்.

கோபத்தில் சொன்னது. ஆனால் முன்வரிசையில் ஒரு சீனர் கையைத் தூக்கிவிட்டார். பிறகு நூருல் ஹுதா. பிறகு கைகள், கைகள். என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 21

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மே 4, ஞாயிறு

பழைய பாக்கியைக் கட்டினால்தான் வருவோம் என்கிறது லிஃப்ட் கம்பெனி. லிஃப்ட் ஓடினால்தான் பராமரிப்புப் பணம் கட்டுவோம் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். நடுவில் நான். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மாடியில் கதவு கதவாகத் தட்டுகிறேன். "நீங்கதான தலைவரு, நீங்களே கட்டுங்க" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள் ஒருத்தி. இன்னொரு வீட்டில் ஆள் இருந்தும் மூச்சுக் காட்டவில்லை. குகன் சொன்னது உண்மைதான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல்.

பதினோராவது மாடியில் காலில் மாவுக்கட்டோடு ஒரு சீனப் பெண். லிஃப்ட் நின்றதிலிருந்து கீழே இறங்கவே இல்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறோம். பெயர்கூடத் தெரியாது.

அவருக்குப் போன் அடித்தேன். "ஊர் வேலையெல்லாம் முடிஞ்சா புருசனையும் வந்து பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். யாருக்காகலா இந்த ஊர் வேலை? யாருக்காக?

மே 17, சனி

இரண்டாவது மாடியில் ஹைருல் என்று ஒரு மலாய்க்காரத் தம்பி, தனியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கு மலையை ஓடியே ஏறுகிறவனாம். பணம் கேட்கத்தான் தட்டினேன். கூட்டத்தில் நான் கத்தியதை அவன் பார்த்திருக்கிறான். "உங்கள் கணவர் திரும்பி வந்துவிட்டாரா?" என்று கேட்டான். எங்கே இருக்கிறார் என்று சொன்னேன்.

கொஞ்சம் யோசித்தான். "லிஃப்ட் சரியாகும்வரை நீங்கள் இங்கே இருங்கள், நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன். படி ஏறுவது எனக்குப் பயிற்சிதான்" என்றான். கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. 'தெரிமா காசே' என்று திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன்.

அந்தக் கதவை நான் தட்டாமலே இருந்திருந்தால்?

மே 24, சனி

வந்துவிட்டார். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, ஒரு பக்கம் என் தோள். நின்று நின்று, ஹைருல் வீடுவரை இரண்டு மாடியும் தானே ஏறினார். யாரும் தூக்கவில்லை.

வந்ததும் குறை. "அடுத்தவன் வீட்டுல ஒண்டிக்கிட்டு..." ஜன்னலுக்கு நேர் கீழே குப்பைத் தொட்டி. நாற்றம், ஈ. மத்தியானம் படுத்துக் குறட்டை விட்டார். எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பாக்கியில் பாதிக்கு மேல் வசூலாகிக் கட்டியாயிற்று. இப்போது கம்பெனிக்காரர், "அடுத்த வாரம்" என்கிறார். எல்லா வாரமும் அடுத்த வாரம். இன்று லீவு போட்டு அவர் ஆபீசுக்கே போனேன். இல்லை என்றார்கள். உட்கார்ந்தேன். தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தேன். அப்புறமும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளே இருந்துதான் வந்தார்.

தேதி கொடுத்திருக்கிறார். பார்ப்போம்.

ஆகஸ்ட் 2, சனி

அந்தத் தேதியும் தவறி, அடுத்த தேதியும் தவறி, நேற்று ஒரு லிஃப்ட் ஓடியது. இன்று சாமான்களோடு மேலே வந்துவிட்டோம். ஹைருல் எங்கள் வீட்டை நாங்கள் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக வைத்திருந்தான்.

லிஃப்டில் ஏறிய முதல் ஆள் என்னிடம் கேட்டது: "ஒண்ணுதானா? இன்னொண்ணு எப்ப?"

அடுத்த வருஷம் நான் நிற்கப்போவதில்லை. எவனாவது வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போனில் அவருடைய அழைப்புகள் வரிசையாக. லிஃப்ட் எங்கள் மாடிக்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே ஒரு பெண். பஸ்ஸிலிருந்தே கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினேன். வீடு வந்து, திட்டிக்கொண்டே படி ஏறினேன். கம்பெனிப் பையன்கள் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மேலே போய்ப் பார்த்தால், லிஃப்ட் கதவை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கதவு இடுக்கில் வாயை வைத்து மலாயில் பேசிக்கொண்டிருக்கிறார். லோரி ஓட்டிய காலத்தில் ஈப்போ பக்கத்தில் யானை வழிமறித்த கதை. உள்ளேயிருந்து அந்தப் பெண், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறாள். உடம்பு விழுந்ததிலிருந்து வாசல் பக்கமே வராத மனுஷன்.

பொம்பாவை, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், அவர்கள் கதவை உடைப்பார்கள், மறுபடி மாசக்கணக்கில் படி ஏற வேண்டும் என்று அவளே உள்ளிருந்து சொல்லிவிட்டாளாம்.

திறந்தார்கள். பதினாறாவது மாடிப் பெண். வேர்த்து, வெளுத்து வந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"என்ன பொழப்புடி இது? நீ வேலையில இருக்கறப்ப கமிட்டியில ஒருத்தனும் போன் எடுக்கல. அந்தக் கம்பெனிக்காரன் நம்பர எனக்கும் குடு."

கொடுத்தேன். அங்கேயே நின்று அடித்தார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உலை வைத்தேன். சோறு வெந்து இறக்கும்வரை அவர் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது: "அடுத்த வாரம் இல்லங்க. நாளைக்கு."