இரண்டாவது பள்ளம்

என் ஆசை மாப்ளே செல்வத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலாப்பட்டு யுனிவர்சிட்டி பஸ்ஸில் இன்னும் உனக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறேன். கண்டக்டர் முறைக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலைத் தொலைநோக்கியிலிருந்து நம் குவேசாரின், அந்தத் தொலைதூர ஒளிப்புள்ளியின், வெளிச்சத்தை நிறம்வாரியாகக் கோடாக வரைந்த புது நிறமாலைச் சுருள் வந்திருக்கிறது. கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வயலட் பக்கம் இந்த முறை சுத்தமாக விழுந்திருக்கிறதாம். பிரிக்கப் பயந்து பீரோ மேலேயே வைத்திருந்தேன்.

என்ன பயம் என்று உனக்குத் தெரியாதா? அவ்வளவு தூரத்திலிருந்து வரும் வெளிச்சத்தை வழியில் ஒரு ஹைட்ரஜன் மேகம் கொஞ்சம் விழுங்கிவிட்டது, கோட்டில் தெரியும் ஆழமான பள்ளம் அதுதான் என்று, உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போட்டு அச்சேற்றினோம். ஹைட்ரஜன் ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போகாது. வயலட் பக்கம் இன்னொரு பள்ளமும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால், உன் பெயரில் வந்த ஒரே கட்டுரை தப்பு.

நேற்று பிரித்தேன். ஸ்கேலை வைத்து அளந்தேன். இருக்க வேண்டிய இடத்தில் கோடு சும்மா போகிறது. பள்ளம் இல்லை மாப்ளே.

இங்கே வேறு யார் பார்க்கப்போகிறார்கள், சுருட்டி வைத்துவிடலாமா? போனவனைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வருமா? நீ எதிர்த்துப் பேசவும் முடியாதே.

பொறுக்காமல் உன் வீட்டுக்குப் போனேன். தேவகி மீன் அலசிக்கொண்டிருந்தாள். என் கூடப்பிறந்தவள்தான், ஆனாலும் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவனுக்கு எதற்கு அசிங்கம், என் பெயரில் மட்டும் திருத்தம் எழுதட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்.

“அவரு பேரை எடுத்துட்டு எழுதுனா, அவரு தப்பு பண்ணாரு, நீ மட்டும் யோக்கியன்னு ஆயிடும்ண்ணா. உசுரோட இருந்தா அவரே தான எழுதிருப்பாரு?”

அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் பயம் போகவில்லை. நான் அளந்ததே தப்பாக இருந்தால்? முன்பெல்லாம் நீ ஒரு தரம் அளப்பாய், நான் ஒரு தரம் அளப்பேன். இப்போது யாரைக் கூப்பிட?

நாளை முதலிலிருந்து மறுபடி அளக்கிறேன். அப்போதும் பள்ளம் இல்லையென்றால், நாங்கள் சொன்னது ஹைட்ரஜன் இல்லை என்று எழுதி அனுப்புவேன். அதிலும் உன் பெயர்தான் முதலில் இருக்கும். சத்தியம்.

உன் மச்சான்,
கதிர்வேல்