வெள்ளையடித்த சுவர்

ஹம்பேர்க், நவம்பர், செவ்வாய் இரவு

நகரசபை வீட்டுப் பரிசோதகராக இன்று நான் போன அறையில் பூஞ்சை இல்லை. வாடகைக்கு இருக்கும் ராணி அக்கா போன மாதம் முறையிட்ட அதே அறைதான். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பெயின்ற் மணத்துக்குள் அவரது குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கடிதத்தில உங்கட பெயரைப் பார்த்தனாங்கள். தமிழ்ப்பிள்ளை வாறா எண்டு என்ர மனுசன் நேற்றே பெயின்ற் அடிச்சுப்போட்டார். அந்தக் கோலத்தில உங்களுக்கு வீட்டைக் காட்ட ஏலாதெல்லே?"

வீட்டின் சொந்தக்காரன் எந்த உத்தரவுக்கும் அசையாதவன். இப்போது கட்டடத்தை விற்கப் பார்க்கிறான். நகரசபையே திருத்தி, அந்தச் செலவைக் காணிப்பதிவில் கட்டடத்தின்மேல் ஈடாகப் பதிந்தால், அதைத் தீர்க்காமல் அவன் விற்க முடியாது. அதற்கு நான் பூஞ்சையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அக்கா அனுப்பிய படங்கள் போதாது. கண்டது வெள்ளைச் சுவர். அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

"வேற ஆராவது வந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள், அக்கா?" என்று கேட்டேன்.

"ஜேர்மன்காரர் எண்டால் அப்பிடியே விட்டிருப்பம்" என்று சிரித்தபடி வடைத் தட்டை நீட்டினார்.

மறுக்க முடியவில்லை. சாப்பிட்டேன். குழந்தையின் இருமல் கடைசிவரை நிற்கவில்லை.