கிணற்றுப் பைப்பும் எங்கள் ஜீப்பும்

14-2-83, திங்கள்

மாசி இப்போதுதான் பிறந்தது, அதற்குள் பங்குனி வெயில். மிளகாய் காயப் போட்டாச்சு. எருமை கறக்க விடவில்லை, உதை.

ஜீப்பில் இன்னொரு நசுங்கல். இடது பக்கம், கதவுக்குக் கீழே, தகரம் உள்ளே போய்விட்டது. நேற்று ஓடையில் என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. "அந்தப் பாறை முன்ன அங்க இல்ல புள்ள" என்கிறார். பாறை நடந்து வந்ததாம்.

இதுதான் சமயம் என்று கேட்டேவிட்டேன். வருகிற பௌர்ணமிக்குக் குலதெய்வக் கோயிலில் பொங்கல். கோயில் ஓடைக்கு அக்கரையில். பங்காளிகள் அத்தனை பேரும் வருவார்கள். "இந்தத் தடவை ஓடையில நான் ஓட்டிக்கிட்டு வாரேனுங்க."

"உனக்கு எதுக்கு அந்த வம்பு?"

லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. தார் ரோட்டில் நான் ஓட்டலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், தவிட்டு மூட்டை ஏற்றி வரலாம். ஓடை வந்தால் மட்டும், "எறங்கு, நான் பாத்துக்கறேன்."

அத்தை வாசலில் புளி தட்டிக்கொண்டே மகனைக் கேட்டார். "நசுக்குனதெல்லாம் நீயி. ஓட்டக் கூடாதவ அவளா?"

அவர் குனிந்து நசுங்கலைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரி. ரெண்டு பக்கமும் பாறை தாங்கற மாதிரி பைப்பு போட்டுக்கலாம். அது மாட்டியாச்சுன்னா நீயே ஓட்டு."

சாட்சி அத்தை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

16-2-83, புதன்

எந்தப் பைப் என்று பேச்சு. ஆளுக்கொன்று.

அவர்: லாரிக்குப் போடும் இரும்புச் சேனல். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே லாரி.

பால்காரர்: சவுக்குக் கட்டையை வைத்துக் கட்டினால் போதும். (இவரை யார் கேட்டார்கள்?)

அத்தை: என்ன இரும்போ, மிதித்து ஏறுவதற்குத் தோதாக இருக்கணும். முழங்கால் வலி. "என்னைய மூட்டையாட்டத் தூக்கிப் போடறீங்க."

நான்: எதுவானாலும் சீக்கிரம்.

கடைசியில் சேனல் வேண்டாமாம், துரு பிடிக்குமாம். அவரே சொல்லி அவரே தள்ளினார். "அவசரப்படாத. பொறுமையாப் பாத்து செலக்ட் பண்ணோணும்." பௌர்ணமி போன பிறகு செலக்ட் ஆகும் போல.

நாளைக்கு மறக்காமல்: தையல்காரரிடம் ரவிக்கை. கோழிக்கு மருந்து.

19-2-83, சனி

இன்றைக்கும் ஒரு பைப் பார்த்தார், பிடிக்கவில்லை. ஒன்று தடியாம், ஒன்று ஒல்லியாம், ஒன்று நீளம் பற்றாதாம். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட யாரும் இத்தனை குறை சொல்லவில்லை.

அத்தையிடம் புலம்பினேன். "வேணும்னேதான் இழுக்கறான் சாமி. ஓடையில ஜீப்பு ஓட்டறவன்னு ஊருக்குள்ள அவனுக்கு ஒரு பேரு. நீயும் ஓட்டீட்டா?"

நிஜம்தான். கோபமாக வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கோபம்தான் அதிகம்.

மத்தியானம் திருச்செங்கோட்டிலிருந்து ராசு வந்தார். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன், போர்க் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, இதுக்கா இத்தன ரோசனை? எங்க ரிக்கு ராடு பழசு கெடக்குது. பாறையவே தொளைக்கற ராடு. உங்க ஓடைப் பாறை அதை என்ன பண்ணீரும்?"

என் வீட்டுக்காரரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ராசுவுக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தேன், சர்க்கரை தாராளமாக.

22-2-83, செவ்வாய்

ராடு மாட்டியாச்சு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூடவே நின்று மாட்டினார்களாம். பட்டறை ஆள் ஏதோ சொல்ல வந்தபோது கேட்கவே இல்லையாம்.

ஜீப் வாசலுக்கு வந்ததும் எனக்குத் திக்கென்றது. சினை எருமை போல வயிறு தாழ்ந்து நிற்கிறது. ராடு அவ்வளவு கனம். போதாததற்கு, லாரிக்குப் படி தொங்கவிடுகிற கணக்கில் அதைக் கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான்தான் ஓட்டினேன். ஓடை வரைக்கும் போகவே இல்லை. நம் காட்டு வரப்பிலேயே ராடு குத்தி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்தது. பாறைக்குப் போட்ட காவல், பாறையே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டது. டிராக்டர்காரர் சிரித்தார், ராசு சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்போது அவர் சொன்னார்: "பாத்தியா, உன்னால முடியல."

சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

23-2-83, புதன்

அவர் காலையிலேயே பஸ் ஏறிச் சங்ககிரி.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போர் போட்டதிலிருந்து பழைய கிணற்று மோட்டார் பைப் சும்மா கிடக்கிறது, நான் சேலை காயப்போட மட்டும் ஆகும். இரண்டரை இஞ்சு. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன், வந்தது. கல்லால் தட்டினேன். கணீர். இத்தனை நாள் கண் எங்கே போயிருந்தது?

பண்ணையத்து ஆட்கள் ஜீப்பில் ஏற்றிக் கட்டினார்கள். அத்தையும் ஏறிக்கொண்டார். மெதுவாகத் தார் ரோட்டிலேயே நாமக்கல். அதே பட்டறை.

"ஐயா வரலீங்களா?"

"வரலீங்க. இன்னிக்கு நாந்தானுங்க ஐயா."

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். ராடைக் கழற்றச் சொன்னேன். பைப்பைத் தகரத்தில் வைத்துப் பற்ற வைக்கக் கூடாது, அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து இரும்புக் கை கொடுத்து நிறுத்தணும், கதவுக்கு ஒட்டினாற்போல மேலே தூக்கி வைக்கணும் என்றேன். "நேத்தே அதைத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றார்.

சண்டை அத்தையோடு. "இன்னும் ரவ்வ எறக்கச் சொல்லு, கால் எட்டல."

"எறக்குனா பாறை தட்டுமுங்க அத்தை."

"தட்டாம நான் எப்படி ஏறுவேன்?"

பட்டறையில் அத்தனை பேரும் வேலையை விட்டு வேடிக்கை. கடைசியில் பைப் மேலேயே இருக்கட்டும், பிடித்து ஏறக் கதவோரம் ஒரு கைப்பிடி என்று முடிவு. அத்தை பிடித்து ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

26-2-83, சனி

பைப்புக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார். உதைத்தார். மேலே ஏறிக் குதித்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"கலருதான் சரியில்ல."

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன்! ஆனாலும் ஓடை இன்னும் பாக்கி.

பச்சரிசி, வெல்லம், தேங்காய், புதுப்பானை எடுத்து வைத்தாச்சு. கற்பூரம் வாங்கணும்.

27-2-83, ஞாயிறு. பௌர்ணமி

நடந்தது நடந்தபடி.

ஓடைக் கரையில் பங்காளிகள் வரிசையாக. நான் ஸ்டீயரிங்கில் இருப்பதைப் பார்த்ததும் ஆளாளுக்கு யோசனை. "லெப்டுல ஒடிங்க!" "அய்யோ ரைட்டுல!" ராசு மட்டும், "அண்ணி, அவிங்க சொல்றது காதுலயே வாங்காதீங்க."

பக்கத்தில் அவர். பின்னால் அத்தை, மடியில் பானை.

நடு ஓடையில் அந்தப் பாறை. அவர் சொன்ன, நடந்து வந்த பாறை. சக்கரம் ஏறியது, சறுக்கியது, ஜீப் இடது பக்கமாகச் சாய்ந்தது. கிரீச் என்று ஒரு சத்தம். பைப் பாறைமேல் அப்படியே உட்கார்ந்தது. பிரேக்கைத் தொடவில்லை. ஒரே சீராக ஆக்சிலேட்டர். பைப் பாறையோடு வழுக்கிக்கொண்டே வந்து, தொப்பென்று இறங்கி, அக்கரை.

பின்னாலிருந்து அத்தை: "டேய், வந்தாச்சு. கண்ணைத் தொற."

கரையில் ஒரே கூச்சல். யாரோ விசில். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. கீழே இறங்கிப் பார்த்தேன். பைப்பில் நீளமாக ஒரு கீறல், பச்சை போய் வெள்ளையாக. தகரத்தில் ஒன்றுமில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது.

28-2-83, திங்கள்

உடம்பெல்லாம் வலி. எருமை இன்றைக்கு உதைக்கவில்லை.

பங்காளிகளில் இரண்டு பேர் காலையிலேயே பைப்பைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தர் அளவு எடுத்தார். இவர் நின்று விளக்குகிறார். சேஸிஸிலிருந்து கை கொடுக்கணுமாம், தகரத்தில் பற்ற வைக்கக் கூடாதாம். "நாங்க எல்லாத்தையும் பாத்துத்தான் செலக்ட் பண்ணோம்." அடுப்படியில் நானும் அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம்.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்தார். காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார்.

"ஏ புள்ள, சங்ககிரி போகோணும். காலு வலிக்குது. நீ ஓட்டறயா?"

காலில் ஒன்றுமில்லை. நேற்று அந்தக் காலோடுதான் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினார்.

சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு முன்னாலேயே இடது பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.