கதவு எண் கட்டாயம்

அன்பிற்குரிய அருணாவுக்குத் தீர்த்தகிரி எழுதுவது. நீ நலமா? வயிற்றில் வளரும் நம் பிள்ளை நலமா? அம்மாவின் மூட்டுவலி தணிந்ததா? புனேயில் நான் நலமே.

இங்கே ஒரு பிழை நேர்ந்தது, கலங்காதே. அவசர ஊர்தி அனுப்பும் மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு எப்படிக் கையாள வேண்டுமென்று விளக்கம் எழுதுவது என் பணி. நான் எழுதியதை அது அணுவளவும் பிசகாமல் பின்பற்றும். 'கதவு எண் கட்டாயம்' என்று எழுதியிருந்தேன்.

சென்ற வாரம் நம் மலையிலிருந்தே ராஜாக்கண்ணு என்பவர், பேறுகால வலியில் துடித்த மனைவிக்காக அழைத்திருக்கிறார். ஒலிப்பதிவைக் கேட்டேன்.

"கதவு எண்ணைக் கூறுங்கள்."

"எங்க ஊர்ல வூட்டுக்கு ஏதுங்க நம்பரு? புளியமரத்தாண்ட வந்து என் பேரச் சொன்னா நாய்கூட வழி காட்டும்ங்க."

"கதவு எண்ணைக் கூறுங்கள்."

ஏழு முறை கேட்டது. ஊர்தி புறப்படவே இல்லை. ஊரார் அவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்களாம். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. மலைமக்களுக்காக மேடைதோறும் முழங்கியவன், எண்ணில்லாத வீட்டில் பிறந்தவன், நான்தான் அந்த வரியை எழுதினேன்.

இப்போது திருத்திவிட்டேன், அடையாளம் சொன்னாலே போதும். நம் வீட்டுக்கு வழியை நீ எவ்வாறு சொல்வாய் என்று எழுதி அனுப்பு, சோதித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாமை மாவும் அனுப்பு.

பணிக்கு அழைக்கிறார்கள். எட்டாம் மாதம் பிறக்குமுன் போளூரில் உன் அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிடு. நான் திருத்தியதை நம்பி மலையில் இருந்துவிடாதே.

உன்
தீர்த்தகிரி