நீ ஒப்புக்கொண்ட மிங்கலாடோன் தோட்டம்

என் செல்லக் குமாரு,

நீ ஒப்புக்கொண்ட தோட்ட வேலையை முடித்துவிட்டோம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். சொல்லியாயிற்று. சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ போனதிலிருந்து அக்கா இப்படித்தான் இருக்கிறேன். சோறு போட்டால் சாப்பிடுகிறேன், பஸ் வந்தால் ஏறுகிறேன்.

உன் காரியம் முடிந்த கையோடு உறவுக்காரர்கள் தாமுவேயில் இருக்கிற நம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வருஷம் திரும்பும்வரை புதுத் தொழில் எதுவும் கூடாதாம். சித்தப்பாதான் பேசினார். "தம்பி செத்த வீட்டுல இருந்து ஒரு பொம்பளப் புள்ள மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனா நாலு பேரு என்னம்மா பேசுவாங்க" என்றார். மழை நமக்காக ஒரு வருஷம் காத்திருக்குமா? கரண்ட் இருக்கிற லட்சணத்தில் மோட்டார் போட்டு வெயில் காலத்தில் புல் வளர்க்க முடியாது என்று நீதானே சொல்வாய். இந்த மழையை விட்டால் மிங்கலாடோன் வீட்டுக்கார அம்மா டோ மியா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நம் தொழில் தொடங்கும் முன்பே முடிந்துபோயிருக்கும்.

பபேடான் பேட்டைத் துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவளை நீதான் இதில் இழுத்துவிட்டாய். செடி உன் பொறுப்பு, ஆட்கள் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். உனக்கு யாரிடமும் கறாராகப் பேச வராது. எனக்குக் குரோட்டன்ஸுக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படிப்பட்டவளை நடுவில் விட்டுவிட்டுப் போகலாமா?

சித்தப்பா சொன்னதை மீறி வேலைக்குப் போனேன். வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. இளவட்டங்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். வயதான இரண்டு பேரைப் பிடித்தேன். நீ சொல்லி வைத்திருந்த சரிவுப்படியே மண்ணைச் சமப்படுத்தி வைத்திருந்தோம். வேரோடு வெட்டியெடுத்த புல் பாய்களைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு லாரியும் வந்து நின்றது.

விரிக்கும் முன் தேங்காய் உடைக்க வேண்டுமே. நம் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் உடைப்பது நீதான். நான் ஒருநாளும் உடைத்ததில்லை. ஆட்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த ஆலமரத்தடிக் கல்லில் கற்பூரம் ஏற்றி, ஓங்கி உடைத்தேன். சரிபாதியாக விழுந்தது. நீ இருந்திருந்தால்கூடக் கிண்டல் செய்ய முடிந்திருக்காது.

டோ மியா வெளுத்த முகத்தோடு வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். அந்த ஆலமரத்தில், பர்மியர்கள் கும்பிடும் காவல் தெய்வமான நாட் சாமிக்கு ஒரு சின்ன மாடம் வைத்திருக்கிறார்கள். நாட் சாமிக்குத் தேங்காயை உடைக்கவே கூடாது. காம்போடு முழுசாக, பச்சை வாழைச் சீப்புகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? உன் பெண்டாட்டி சான்டா உன் வீட்டில் அப்படி வைப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் கை தன் பாட்டுக்கு உடைத்துவிட்டது. "நிறுத்துங்க, லாரிய திருப்பி அனுப்புங்க" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் விரிக்காவிட்டால் புல் வெந்து மஞ்சளாகிவிடும். அது தெரிந்தும் கேட் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போயிற்று என்று சொல்வதற்காகச் சான்டாவுக்குப் போன் செய்தேன். உன் காரியத்துக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டியதில்லை, தெரியுமா? "மமா, அங்கயே இருங்க, நான் வர்றேன்" என்றாள். பர்மியப் பெண்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல என்னை எப்போதும் மமா என்றுதானே கூப்பிடுவாள்.

தட்டில் முழுத் தேங்காயும் வாழைப்பழமுமாக டாக்ஸியில் வந்து இறங்கினாள். உடைந்த மூடிகளை எடுத்துத் துணியில் சுற்றினாள். கல்லைக் கழுவினாள். தட்டை வைத்து மண்டியிட்டாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி மரத்தைப் பார்த்துப் பர்மியத்தில் பேசினாள். "இங்க வேலைக்கு வர வேண்டியவர் என் புருஷன். அவர் இறந்துட்டார். இவங்க அவரோட அக்கா. துக்கத்துல தெரியாம செஞ்சுட்டாங்க, பொறுத்துக்கணும்."

எனக்கு இருப்பது துக்கம் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் டோ மியா நிற்கிறார். "அந்தச் சிரிச்ச முகத்துத் தம்பியா? ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். நான் போனில் தம்பியால் வர முடியவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். வேறு எப்படிச் சொல்வேன், நீயே சொல். அவர் மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு, "புல் வாடுது, விரிங்க" என்றார்.

விரித்தோம். சான்டா லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலால் மிதித்து அழுத்தினாள். முடிக்கும்போது மழையும் பிடித்துக்கொண்டது.

விரித்து இரண்டு வாரம் ஆனபின் நேற்று பார்க்கப் போனோம். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, வேர் பிடித்துவிட்டது. டோ மியாவின் பக்கத்து வீட்டுக்காரரும் தோட்டம் போட்டுத்தரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். சான்டா சிரித்தாள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது குமாரு. நீ போன பிறகு எனக்குள் வந்த ஒரே உணர்ச்சி அதுதான். வேலை கெட்டிருந்தால், குமாரு இல்லை, அதனால் நடக்கவில்லை என்று வீட்டோடு கிடந்திருப்பேன். நடந்துவிட்டதடா. நீ இல்லாமலே நடந்துவிட்டது.

உன் இடத்தில் யாரையும் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் ஆசை. ஆனால் செடி தெரிந்த ஆள் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாது. ஒருவரைப் பார்த்திருக்கிறோம். நாளை வந்து பேசுகிறார். அவரை வைத்துக்கொள்வேன், நல்லபடியாக நடத்துவேன், உன்னோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதுதான் நான் உனக்குச் செய்துதரும் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வள்ளி அக்கா