பெரியம்மாவின் பெயரில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கிருந்து நம்பத்தான் முடியும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். தம்பி இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவான்.

பெரியம்மா கோபமாக இருக்கிறாள் என்று அவன் அரைகுறையாக உளறிவைக்க, நீ அவளைப் பற்றிய அத்தியாயத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றாயாம். அவசரக்குடுக்கை! அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் புத்தகம் நிற்காது, புத்தகம் வராவிட்டால் பல்கலைக்கழக வேலை நிரந்தரமாகாது என்று சொன்னது நீதானே? முதலில் நடந்ததைக் கேள். நீ அனுப்பிய பக்கங்களைத் தம்பி வாசிக்க, பெரியம்மா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். வெளியூரில் இருந்தபோது நடந்த அந்த வாடகை வீட்டுக் கதை வந்தது. நம் மொழிக்காரர்களுக்கு வீடு இல்லை என்றவனிடம் தன்னை வேறு மொழிக்காரி என்று சொல்லி, வேறு பெயர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக்கூட மெல்லிய குரலில் திட்டிக் குடித்தனம் நடத்தினாளே, அதேதான். சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறாய் என்று அவளுக்கு ஒரே பெருமை. ஆனால் சொன்னவள் என்று யாரோ ஒருத்தியின் பெயர் வந்ததும் எழுந்துவிட்டாள். பேட்டி கொடுத்தவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பெயரை மாற்றுவது உங்கள் வழக்கமாம், தம்பி விளக்கினான், அவள் கேட்டால்தானே. அன்னைக்கு வீட்டுக்காரனுக்குப் பயந்து வேற பேருல இருந்தேன், இப்ப யாருக்குப் பயந்து இருக்கணும்னு கேட்டுச் சொல்லுடா என்று ஒரே சத்தம்.

அதனால் எதையும் எடுக்காதே, பெயரை மட்டும் அவள் சொந்தப் பெயராகத் திருத்து. பல்கலைக்கழகத்தில் விதி அது இது என்பார்கள். தெற்காசிய மக்கள் தங்களை யாரென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்றுதானே இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாய், இப்போது ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள், அதை எழுதுவதற்கு என்ன தடை என்று நிமிர்ந்து கேள். கமிட்டிக்குச் சந்தேகம் இருந்தால் பெரியம்மாவிடமே பேசட்டும், அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. வேலை உனக்குத்தான், எனக்குச் சந்தேகமே கிடையாது, மருந்துக்கடைக்காரர் வரைக்கும் அப்பா சொல்லியாயிற்று.

நீ நினைத்தது நடக்கும், நல்லா இரு கண்ணு. கண் எரிய எரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. ஒன்றை மறந்துவிடாதே: பெயருக்கு முன்னால் இனிஷியல் போடக்கூடாதாம். உன் தாத்தாவுடையதும் வேண்டாம், பெரியப்பாவுடையதும் வேண்டாம், அவள் பெயர் மட்டும் போதுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா