பத்து டம்ளர் ஜலம்

இன்று காலை பள்ளிக்கூடத்துப் பின்வாசலில் நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. கிணற்றடிக்கு அப்பால், பலா மரத்தை ஒட்டி, ஆசிரியைகளுக்கென்று ஒரு கக்கூஸ் கட்டி முடித்திருக்கிறார்கள். ஓடு வேய்ந்த சின்ன அறை, உள்பக்கம் தாழ்ப்பாள், வெளியே தண்ணீர்த் தொட்டி. யுத்தம் முடிந்தும் அரிசிக்கு வரிசையில் நிற்கிற இந்த நாளில் இதற்கு எப்படியோ உத்தரவு வந்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இருவர் எட்டிப் பார்த்து, "நன்னாயிட்டுண்டு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்கள். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தவர்கள். நீ கணக்கு, நான் தமிழ். நீ ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்திலிருந்து நடந்து வருவாய். பதினைந்து வயதில் புருஷனை இழந்து அண்ணா வீட்டுக்குத் திரும்பியவள். ஊரே தடுத்தும் கேளாமல் உன்னைப் படிக்கவைத்தவர் அந்த அண்ணாதான். ஆனால் வீட்டு ஆசாரத்தில் அவர் ஒரு நூலிழைகூட விட்டுக்கொடுக்கமாட்டார். ஏகாதசி என்றால் உனக்குப் பச்சைத் தண்ணீரும் கிடையாது. நான் நாஞ்சில் நாட்டுக்காரி. சர்க்கார் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்து மதிலை அடுத்த சந்தில் குடியிருந்தேன். மணி அடித்தால் என் அடுக்களைக்குக் கேட்கும். நான் 'வெள்ளம்' என்பேன், நீ 'ஜலம்' என்பாய். பிள்ளைகளுக்கு மட்டும் 'தண்ணீர்' என்று எழுதிப் போடுவேன் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

காலை ஏழு மணிக்கு ஒரு காப்பி. அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பிக் குளித்து முடிக்கும்வரை உன் வாயில் ஒரு சொட்டு இறங்காது. மீனமாதத்து, நம் பங்குனி வெயிலில், ஓட்டுக்கூரை அனலாய்க் கொதிக்கும் நாளிலும் அப்படித்தான். மத்தியான நேரத்தில் உன் உதடு வெடித்துப் போயிருக்கும். ஐந்து வகுப்பு தொண்டை கிழியக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

நான் நீட்டாத நாள் இல்லை. "ஒரு வாய் குடி பிள்ளே, சீரகம் போட்டுக் காய்ச்சின வெள்ளம்" என்பேன்.

"வேண்டாம்டி. ஆத்துக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

"எங்க வீட்டு வெள்ளம் ஆகாதா? அப்ப உங்க வீட்டுலேருந்தே கூஜாவில கொண்டாயேன்."

"இங்க எல்லாரும் தொடுவா. விழுப்பாயிடும்."

என் சாதி உன் தொண்டையில் இறங்காது என்றுதான் எனக்குக் கேட்டது. என்னோடு கைகோத்துக்கொண்டு பழவங்காடிவரை நடந்து போய்த் துணி வாங்குவாய், என் தோளில் சாய்ந்து அழுவாய், என் கையிலிருந்து தண்ணீர் மட்டும் ஆகாது. அது எனக்கு முள்ளாய்க் குத்தியது.

இரண்டாம் வருஷம் உனக்கு இடுப்பில் வலி வந்தது. முதலில் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் ஒரு நாள் கரும்பலகையின் முன்னால் சாக்பீஸோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். நான்தான் உன்னை வண்டியில் ஏற்றி லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னாள், எல்லாம் முடிந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்: "தினம் எத்ர க்ளாஸ் வெள்ளம் குடிக்கும்?"

நீ யோசித்து, "மூணு இருக்கும்" என்றாய். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

"பத்து க்ளாஸ் குடிக்கணும். அதில் ஆறு பகல்தன்னே குடிக்கணும். ராத்திரிக்கு மாற்றி வைக்கக் கூடாது. கல்லு உண்டு. இனியும் இங்ஙனெ நடந்தால் கிட்னி போகும். மனசிலாயோ?"

வெளியே வந்ததும் வலியோடு சிரித்தாய். "பத்து டம்ளரா? நான் என்ன மாடாடீ?"

மறுநாள் உனக்காகவே புதிதாக ஒரு பித்தளைச் செம்பு வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, யார் கையும் படாமல் நானே கிணற்றில் இறைத்துக் காய்ச்சி எடுத்துவந்தேன். ஆசிரியைகள் நாலு பேர் உட்கார்ந்திருந்த அறையில் அதை உன் முன்னால் வைத்தேன். நீ அதைத் தொடவில்லை. "மடி போயிடும்டி, என்னை வற்புறுத்தாதே" என்றாய், மெதுவாகத்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. என் முகம் எரிந்தது. செம்பைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொட்டினேன். "உன் மடியையே கரைச்சுக் குடிச்சுக்கோ. இனி உனக்கு ஒரு சொட்டு வெள்ளம் நான் நீட்டினேன்னா கேளு."

அதன்பின் இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ கதவோரம் நின்று என்னைப் பார்ப்பாய். நான் நோட்டுத் திருத்துவேன். உன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் பேசவில்லை. இதை உன்னிடம் இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் கண்டு உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் வந்தேன். உன் அண்ணா வராந்தாவில் இருந்தார். உள்ளே நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாய்.

"மடின்னு சொன்னது சும்மாடி. அதைச் சொன்னா யாரும் மேல கேக்கமாட்டா. ஜலம் குடிச்சா அப்புறம் எங்க போறது? நம்ம பள்ளிக்கூடத்துல பொம்மனாட்டிக்கு ஒரு மறைவு உண்டா? முதல் மாசம் ஒரு தரம் அடக்கமாட்டாம தோட்டத்துப் பக்கம் போனேன். ஏழாங்கிளாஸ் பொண்கள் பார்த்துடுத்துகள். ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரிச்சுதுகள். அன்னிக்கு விட்டேன் ஜலத்தை."

என் வீடு மதிலுக்கு அந்தப் பக்கம். மத்தியானம் மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்புவேன். எதற்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதே தேவை உனக்கும் இருக்குமே என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. விதவிதமாகத் தண்ணீரை நீட்டினேனே ஒழிய, 'என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கப்படாதா பிள்ளே?" என்றேன்.

"எப்படிடீ சொல்றது? நாக்கு எழும்பலை."

வீடு திரும்பி அன்றே தலைமை ஆசிரியைக்கு ஒரு மனு எழுதினேன். கையெழுத்து வாங்கப் போனால் ஒவ்வொருத்தியும் நழுவினாள். நீ குணமாகித் திரும்பிய பின் உன்னிடம் நீட்டினேன். உன் காது சிவந்துவிட்டது. "இதை மேலிடத்துல ஆம்பளைகள்லாம் வாசிப்பாடி. என் பேரைப் போட்டு இது வேணும்னு கேக்கறதா? கிழிச்சுப் போட்டுடு." கிழித்துப் போட்டேன். நீ போன பிறகுதான் அதைத் திரும்ப எழுதி, தனியாக என் பெயரை மட்டும் போட்டு, வருஷா வருஷம் கொடுத்தேன்.

ஆனால் உனக்காக அன்றைக்கு வேறு ஒன்றைச் செய்ய முடிந்தது. மத்தியான மணி அடித்ததும் நீ என் வீட்டுக்கு வரத் தொடங்கினாய். கொல்லைப்புறம் ஓலை மறைப்புக்குள் போய்வருவாய், கிணற்றடியில் கைகால் அலம்புவாய், அப்புறம் என் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து உன் கூஜாவைத் திறப்பாய். முதல் டம்ளரைப் பயந்துகொண்டே குடித்தது நினைவிருக்கிறது. ஒரு வாரத்தில் நாலு டம்ளர் ஆயிற்று. சுவரில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன். பாக்கியை வீட்டில் குடித்தாயா என்று மறுநாள் விசாரணை நடக்கும். ஒரு நாள் கூஜா காலியாகிவிட்டது. நீ டம்ளரை என்னிடம் நீட்டினாய்.

"ஊத்துடீ."

"எங்க கிணத்து வெள்ளம்."

"தெரியும். ஊத்து."

"அண்ணா கேட்டா?"

"அண்ணாவுக்கு ஏகாதசிக் கணக்குதான் தெரியும். டம்ளர் கணக்கு தெரியாது."

அண்ணாந்து குடித்தாய். கழுத்தில் ஒரு கோடாய் வழிந்து ரவிக்கை நனைந்தது. அப்படி நீ வந்துபோன ஏழு மாதமும் உன் உதடு வெடிக்கவில்லை. பாதி வழியில் உட்காராமல் பழவங்காடிவரை நடந்தாய். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது, தப்பித்துவிட்டோம் என்று நான் நம்பினேன்.

நாம் தாமதமாக ஆரம்பித்திருந்தோம். மழைக்காலத்தில் உன் கால் வீங்கியது. பிறகு முகம். மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். இந்தத் தடவை அந்த அம்மாள் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை, உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை, உப்பு கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர், அதற்குமேல் ஒரு மடக்கும் கூடாது. "கொடுத்தால் நெஞ்சில் நீர் கட்டும். பின்னெ எனிக்கு ஒன்னும் செய்யான் பற்றில்ல." பிறகு தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்கிறாள். பத்து என்று சொன்ன அதே வாயால் ஒன்றரை என்றாள். அவள்மேல் கோபித்து என்ன பயன்?

பகலில் நானும் மற்ற நேரத்தில் உன் அண்ணாவுமாக உன் அருகில் இருந்தோம். ஒன்றரை டம்ளரை அவுன்ஸ் கிளாஸால் பிரித்து வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை நாக்கை நனைக்கிற அளவு கொடுத்தேன். நாலாம் நாள் மூன்று மணிக்கே அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. நீ கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாய். "ஒரு டம்ளர் ஜலம் தாடி" என்றாய். இரண்டு வருஷம் நான் கெஞ்சியிருப்பேன், கூஜா காலியான அந்த ஒரு நாளைத் தவிர நீயாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டாய். மேஜைமேல் மண்கூஜா நிறைய இருந்தது.

"நாளைக்குத் தரேன் பிள்ளே. டாக்டர் வேண்டாங்கறா."

"கொஞ்சமே கொஞ்சம்."

நான் ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்தேன். நீ அந்தத் துணியைப் பல்லால் கடித்துச் சப்பினாய். நான் அதை உருவி எடுத்துவிட்டேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அதன்பின் என்னிடம் பேசவில்லை. ஆறு மணிக்கு உன் அண்ணா வந்தார், நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். விடிகாலையில் ஆள் வந்து சொன்னான்.

பதின்மூன்றாம் நாள் கழிந்து உன் அண்ணா பள்ளிக்கூடத்துக்கு வந்தார், உன் மேஜையில் இருந்த சாமான்களை எடுத்துப்போக. சவரம் செய்யாத முகம். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க போனப்புறம் அவ ஜலம் கேட்டா. விடாம கேட்டா. டாக்டர் சொன்னது நேக்கும் தெரியும்." மூட்டையின் முடிச்சை மறுபடி இறுக்கினார். "கொடுத்துட்டேன். ரெண்டு டம்ளர். மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, 'போறும் அண்ணா'ன்னா. அப்புறம் தூங்கிட்டா. எழுந்துக்கலை. நான்தான் அவளை..."

ஊருக்கெல்லாம் பஞ்சாங்கம் பார்த்து நியாயம் சொல்கிற மனுஷர், என் எதிரில் குற்றவாளியைப் போல நின்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி கோபம் இல்லை. பொறாமை என்று எழுதினால் நீ நம்புவாயா? அதற்கு அடுத்தாற்போலத்தான் நெஞ்சில் அடைத்திருந்தது இளகியது. நீ தாகத்தோடு போகவில்லை.

"தப்பே இல்லை அண்ணா" என்றேன். "நீங்க கொடுத்ததுதான் சரி. இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தாலும் வாய் காஞ்சுதான் இருந்திருப்பா."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு டம்ளர்தான் உன்னைக் கொண்டுபோயிற்றா, எப்படியும் போயிருப்பாயா, டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அண்ணா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். போன வருஷம் அவரும் காலமானார். கடைசிவரை என் வார்த்தையை நம்பியிருந்தார் என்று அவர் மகள் சொன்னாள். அவரிடம் அதைச் சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. உன் பல்லுக்கிடையிலிருந்து அந்தத் துணியை உருவினபோது கையில் தெரிந்த இழுப்பு மட்டும் இன்னும் போகவில்லை.